அன்புக்கரசி வைத்த சேனை

செராமிக் எஸ்டேட்டில் அன்புக்கரசியைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால், டீக்கடைக்காரர் வழி சொல்ல மாட்டார். "செத்த நில்லுங்க, கேக்கும்" என்பார். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு ஷெட்டிலிருந்து, "யோவ், நீ அடுக்குன லட்சணத்துக்குத்தான் பாதி கோணிக்கிட்டு வந்துருக்குது, சூளைய ஏன்யா குத்தம் சொல்ற?" என்று ஒரு குரல் வரும். வந்தவர் அந்தத் திசையில் நடந்தால் போதும்.

அவளுக்கு வேலை, வெந்து வந்த பீங்கானைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது. அந்தக் கம்பெனியில் கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பியூஸ் கட்டைதான் அதிகம். சூளையிலிருந்து ஆறி வந்ததும் பெண்கள் முன்பக்கத் தாழ்வாரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று லேசாகத் தட்ட வேண்டும். 'டிங்' என்று கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடியிருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும், அது கழிவு. சத்தம் நன்றாக இருந்து மேலே கறையோ புள்ளியோ இருந்தால் ரெண்டாம் நம்பர். சரியாக வேகாதது தனியாக ஒரு கூடைக்குப் போகும். நாள் முழுக்க டிங், டிங், டொக், டிங். இதற்கு நடுவில் பேசினால் காதில் விழ வேண்டுமே என்றுதான் தன் குரல் இப்படி ஆகிவிட்டது என்பாள் அன்புக்கரசி. பக்கத்தில் உட்காரும் மாரியம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "நானுந்தான் இங்க உக்காந்துருக்கேன். எனக்கு ஏன் ஆவல?"

அந்த வாயால் அவளுக்கு ஒரு கல்யாணம் நின்று போயிருந்தது. வேப்பூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அண்ணன், "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு கம்பெனிக்கெல்லாம் போவ வேணாம், தம்பிக்கும் இப்ப நெலையா வேலை இல்ல, கூடமாட இருக்கட்டும்" என்றார். அன்புக்கரசி உள்ளே இருந்தபடியே, "அப்ப அவரு வூட்ல இருக்கட்டுங்க, நான் கம்பெனிக்குப் போயிட்டு வரேன்" என்றாள். பஜ்ஜியைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதன் பிறகு வந்த ஒன்றிரண்டு இடங்களும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டே வந்து, கேள்விப்பட்டது சரிதானா என்று பார்த்துவிட்டுப் போயின. பிறகு வயது ஏறியது; யாரும் வரவில்லை. கேட்பவர்களிடம், "அன்னைக்கு பஜ்ஜி நல்லா வெந்துருந்துச்சு. மொத்தமும் எனக்கே கெடச்சுது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளோடு சேர்ந்து எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எப்போதும் அவள்தான் முதலில் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போவாள்.

தம்பி பிரவீன்குமாருக்குக் கல்யாணம் நடந்தபோது அவளுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. அவன் குட்டியானை ஓட்டுகிறவன். எஸ்டேட்டிலிருந்து பீங்கான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி ஆபீசில் இறக்குவான். மனைவி பூர்ணிமா திட்டக்குடிக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டாள். மெல்லப் பேசுகிற பெண். அவள் மெல்லப் பேசுகிறாள் என்றால், அவளுடைய அண்ணன் கார்முகில் பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கூட்டுறவு வங்கியில் வேலை, தேய்த்த வெள்ளைச் சட்டை, அடக்கமான ஆள். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

பூர்ணிமாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோதே, சேனை யார் வைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும், பேச்சும் அப்படியே வரும் என்பது இரண்டு குடும்பத்துக்கும் பழகிய நம்பிக்கை. தாய்மாமன் கார்முகில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அன்புக்கரசிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கார்முகில் அதற்கென்றே சின்னதாக ஒரு வெள்ளிச் சங்கு வாங்கி வைத்திருந்தார்.

ஆனால் குழந்தை பிறந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தது அன்புக்கரசி மட்டும்தான். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். கார்முகில் திட்டக்குடியில் பஸ் ஏறிவிட்டதாகப் போனில் சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. பூர்ணிமா மயக்கம் தெளியாமல் கிடந்தாள். குழந்தையோ வீல் வீல் என்று கத்துகிறது. அன்புக்கரசி தோளில் போட்டாள், தட்டிக்கொடுத்தாள், "வந்துடுவாருடி ஒன் மாமன், இருடி" என்று கெஞ்சினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் டம்ளரில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். அன்புக்கரசி ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடி வந்தவள். தலையில் இன்னும் வெள்ளைத் தூசு. கையை மட்டும் நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு சொட்டைத் தொட்டு வைத்தாள். அழுகை நின்றது. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"என்னம்மா வச்சீங்க வாயில?" என்று நர்ஸ் வந்தாள். "தாய்ப்பாலத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஒரு சொட்டுதாங்க சிஸ்டர். அழுவுதுல்ல."

"அழுதா தூக்கி வச்சுக்குங்க."

கொஞ்ச நேரம் கழித்து கார்முகில் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சட்டைப் பையில் வெள்ளிச் சங்கு துருத்திக்கொண்டிருந்தது. "பஸ்ஸு லேட்டுங்க" என்றார். குழந்தையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "வச்சாச்சுங்களா? சரி, பரவால்லைங்க." அவ்வளவுதான். அவர் மனைவி பானுமதி மட்டும் அதைப் பரவாயில்லை என்று விடவில்லை. "போச்சு" என்றாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

குழந்தைக்குக் காவியா என்று பெயர் வைத்தார்கள். பூர்ணிமா கடைக்குப் போக ஆரம்பித்ததும் அன்புக்கரசி குழந்தையைத் தன்னோடு கம்பெனிக்குத் தூக்கிப் போனாள். சின்ன ஷெட், சின்ன முதலாளி. பிள்ளைகளை அழைத்து வந்தால் கண்டுகொள்ள மாட்டார். வாசல் வேப்பமரத்து நிழலில் ஒரு சாக்கு, விளையாட நாலைந்து கழிவுக் கட்டைகள், கண் எட்டும் தூரத்தில் அத்தை. காவியா அங்கேதான் பேசக் கற்றாள்.

முதல் வார்த்தை அம்மா இல்லை, அப்பா இல்லை. "டிங்." இரண்டாவது, "டொக்கு." மாரியம்மாள் அன்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நல்ல கட்டை ஒன்று உடைந்தது.

அதற்கப்புறம் காவியா எதையும் தட்டாமல் விடவில்லை. கதவு, குடம், பூசணிக்காய், அப்பாவின் முழங்கால், எல்லாவற்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, தீர்ப்புச் சொல்வாள். அப்பா டிங். பூசணிக்காய் டொக்கு. ஆறிப்போன இட்லியைத் தொட்டுப் பார்த்து, "வேகல. சூளையில போடு" என்று தட்டை நகர்த்திவிடுவாள். சாயங்காலம் மேற்கே பிறை தெரிந்தால், "யாரு அடுக்குனா? ஒடஞ்சு வந்துருக்குது பாரு" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

ஊசி போடுகிற டாக்டர் ஒருமுறை, "உன் பேரு என்ன பாப்பா?" என்றார். "பேரு வூட்ல இருக்கு" என்றாள். மறந்து வைத்துவிட்டு வந்த குடை மாதிரி. அப்பாவின் வண்டியைக் குட்டியானை என்று சொல்கிறார்களே, அதனால் தினமும் காலையில் அதன் முகத்தைத் தடவி, "டீசல் குச்சியா? எல்லாம் குச்சியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் டாட்டா காட்டுவாள். நேற்றும் நாளையும் அவளுக்கு ஒன்றுதான். "நாளைக்கு ஐஸ் தின்னேனே!" என்று உதட்டைச் சப்புவாள்.

மணிமுத்தாற்றுப் பாலத்தில் போகும்போது வெறும் மணலைப் பார்த்து, "தண்ணி எங்க அத்தை?" என்று கேட்டிருந்தாள். "ஆறு லீவுடி" என்று சொல்லி வைத்தாள் அன்புக்கரசி. ஐப்பசியில் மழை கொட்டி ஆற்றில் செம்மண் தண்ணீர் புரண்டு போன அன்று, பாலத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு நடுவே காவியா கை தட்டிக் குதித்தாள். "ஆறு வேலைக்கு வந்துருச்சு! ஆறு வேலைக்கு வந்துருச்சு!" கூட்டம் ஆற்றை விட்டுவிட்டு அவளை வேடிக்கை பார்த்தது.

சொல் மட்டும் இல்லை, குரலும் அப்படியே. அந்த இழுப்பு, கடைசியில் ஒரு வெட்டு, இடுப்பில் கை. டீக்கடைக்காரர் கிளாசைக் கொஞ்சம் தாமதமாக நீட்டினால், "யோவ், ஆறிப் போவுதுய்யா!" என்பாள். டீக்கடைக்காரர் அதைக் கேட்பதற்கென்றே தாமதப்படுத்துவார். அன்புக்கரசி சொன்னால் முகம் சுளித்த அதே ஆட்கள், அதே வார்த்தைக்கு இப்போது கிட்டே வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். "அப்புடியே அன்புக்கரசி. சேனை வச்ச கையி" என்றார்கள். தன் வாயைப் பற்றி யாராவது ஆசையாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் முறை. வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் வேண்டுமென்றே காவியாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "யாரு மாதிரி பேசுறடி நீ?" என்று கேட்பாள். "அத்தை மாறி." "இன்னொரு தடவை சொல்லு." "அத்தை மாறி!"

காதுகுத்து வந்தது. கொளஞ்சியப்பர் கோயிலில் ஏற்பாடு. பூர்ணிமா அப்போது இரண்டாவதாக ஏழு மாதம். திட்டக்குடியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். கார்முகிலுக்கு முன்தலையில் முடி கொட்டி வழவழவென்று இருக்கும். காவியா அண்ணாந்து பார்த்தாள். அப்படி ஒரு வழவழப்பை அவள் பியூஸ் கட்டையில்தான் பார்த்திருக்கிறாள்.

ஆசாரி கம்பியை எடுப்பதற்குள் அவள் கை எழுந்தது. மாமன் தலையில் ஒரு தட்டு. காதைச் சாய்த்தாள். இன்னொரு தட்டு. பிறகு மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி, அத்தையின் குரலில் சொன்னாள்.

"டொக்கு. மாமா கழிவு. அந்தப் பக்கம் போடு."

மேளக்காரர் முதலில் சிரித்தார். பிறகு வேனில் வந்தவர்கள். கார்முகிலும் சிரிக்கத்தான் பார்த்தார்; முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "கொழந்தைதானே" என்று முனகினார். பிரவீன்குமார், "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க, எங்கள எல்லாம் தெனம் தட்டுது" என்று ஓடி வந்தான். காது குத்தி முடிந்தது. குத்தியவரைப் பார்த்து காவியா அழுதுகொண்டே, "ஓட்டை போட்டுட்ட, இது ரெண்டாம் நம்பருய்யா இப்ப!" என்று கத்தியபோது கூட்டம் மறுபடியும் சிரித்தது. பானுமதி மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பூர்ணிமாவிடம் சொன்னாள். அன்புக்கரசிக்குக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

"இப்ப சிரிப்பாத்தான் இருக்கும் பூர்ணிமா. ரெண்டரை வயசுல எது சொன்னாலும் அழகு. பொட்டப்புள்ள, இதே வாயோட இருவது வயசுல நின்னா எவன் வந்து கட்டுவான்? வாயினாலதானே அவங்களே இப்புடி நிக்கிறாங்க. இவளும் நிக்கணுமா? வவுத்துல இருக்கறதுக்காவது உங்கண்ணன் வந்து சேனை வைக்கட்டும்."

பந்தியில் எல்லாரும் அன்புக்கரசியைப் பார்த்தார்கள். பதில் வரும் என்று சாம்பார் வாளியோடு நின்றவர்கூடக் காத்திருந்தார். பதில் வரவில்லை. பூர்ணிமா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று அன்புக்கரசி பார்த்தாள். அவளுக்கு அப்படியெல்லாம் சட்டென்று பேச வராது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

வண்டியில் திரும்பும்போது காவியா அன்புக்கரசியின் மடியில் தூங்கிவிட்டாள். காதில் புதுத் தோடு. அதைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேப்பூர்க்காரர்கள் எழுந்து போன அன்று தட்டில் இருந்த பஜ்ஜியை அவள் தின்றதாகச் சொல்வது பொய். எல்லாவற்றையும் கொல்லையில் நாய்க்குக் கொட்டிவிட்டு, சத்தம் வராமல் அழுதாள். அது இந்தக் குழந்தைக்கும் வர வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும், "நாளையிலேருந்து பாப்பாவ நீயே கடைக்குக் கூட்டிட்டுப் போ பூர்ணிமா" என்றாள். "கம்பெனியில தூசு."

"அண்ணி…" என்றாள் பூர்ணிமா. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அன்புக்கரசி பேச்சைக் குறைத்தாள். குழந்தைக்கு எதிரில் அறவே குறைத்தாள். சோறு ஊட்டும்போது கதை இல்லை. குளிப்பாட்டும்போது வம்பு இல்லை. 'ம்', 'வா', 'சாப்புடு', அவ்வளவுதான். குழந்தைக்கு எதிரில் பழகிய மௌனம் கம்பெனியிலும் ஒட்டிக்கொண்டது. "என்னாடி, ஆறு மாதிரி நீயும் லீவா?" என்று மாரியம்மாள் கிண்டினாள். "காது வலிக்கிதுன்னு சொல்லுவியே, அனுபவி" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்புக்கரசி தட்டிக்கொண்டே இருந்தாள். சூளை அடுக்குகிறவர் இரண்டு தடவை கோணல் மாணலாக அடுக்கிப் பார்த்தார். திட்டு வரவில்லை. மூன்றாவது தடவை அவரே பயந்துபோய் ஒழுங்காக அடுக்கினார்.

காவியாவுக்கு இது பிடிபடவில்லை. முதல் நாள் அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "அத்தை, வாய் எங்க?" என்று கேட்டாள். "இங்கதான்டி இருக்குது." உதட்டைப் பிரித்து, பல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "உள்ள போயிருச்சா?" மறுநாள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அதற்கு மறுநாள் தன் மிட்டாயைப் பாதி கடித்து அத்தையின் வாயில் திணித்தாள். "கத்து அத்தை" என்று கெஞ்சினாள். "அப்பாவத் திட்டு." பிரவீன்குமாரும் தலையைக் குனிந்து காட்டி, "திட்டேன்க்கா, சும்மா ஒரு தடவ" என்றான். அன்புக்கரசி எழுந்து பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காவியா பின்னாலிருந்து பூனை மாதிரி வந்து, விரலை மடக்கி அவள் தலையில் தட்டினாள். காதைச் சாய்த்தாள். மறுபடியும் தட்டினாள். பிறகு உள்ளே பார்த்து மெதுவாக, ரகசியம் சொல்வது போல் சொன்னாள்.

"அம்மா, அத்தைக்குச் சத்தம் வரல. அத்தை ஒடஞ்சிருச்சு."

உள்ளேயிருந்து பூர்ணிமா வெளியே வந்தாள். அன்புக்கரசி நிமிரவில்லை. கீரையோடு தண்டையும் சேர்த்து ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஜெராக்ஸ் கடையில் நடந்ததை அடுத்த வாரம் பிரவீன்குமார் வந்து சொன்னான். மெஷினிலிருந்து தாள் சூடாக வருகிறதே, அதைத் தொட்டுப் பார்த்து, "வெந்துருச்சு, எடுத்துக்கய்யா" என்று காவியா ஆட்களிடம் நீட்டுகிறாளாம். ஒருநாள் பட்டா நகல் எடுக்க வந்த பெரிய மீசைக்காரர் ஒருவர், நின்றவர்களைத் தாண்டி நேராகக் கையை உள்ளே நீட்டியிருக்கிறார். பூர்ணிமா எப்போதும் போலப் பேசாமல் தாளை வாங்கப் போயிருக்கிறாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "யோவ், வரிசையில வாய்யா!" மீசைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வரிசையில் போய் நின்றாராம்.

"பூர்ணிமா என்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள் அன்புக்கரசி.

"ரொம்ப நேரம் சிரிச்சாக்கா. அப்புறம் ஏன்னு தெரியல, அழுதா."

இரண்டாவது பிரசவம் அதே ஆஸ்பத்திரியில், பகலில் ஆனது. ஆண் குழந்தை. இந்த முறை கார்முகில் முந்தின நாளே வந்து தங்கிவிட்டார். பானுமதியும் வந்திருந்தாள். அன்புக்கரசி காவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டுக் கதவோரமாகவே நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் கை தானாக நீண்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "சர்க்கரை, தேனு எதுவும் கூடாது. சாஸ்திரம் பண்ணணும்னா கையச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, தாய்ப்பால்லயே ஒரு சொட்டுத் தொட்டு வைங்க." பூர்ணிமா வெள்ளிச் சங்கில் கொஞ்சம் பால் எடுத்துக் கொடுத்தாள்.

"வைங்க" என்றாள் பானுமதி.

கார்முகில் கை கழுவி வந்து சங்கை வாங்கினார். குழந்தையின் மேல் குனிந்தார். அப்படியே நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்னாங்க?"

"வேணாம் பானு" என்றார். அவர் பேசுவதைக் கேட்க எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது. "அன்னைக்கு… பாப்பா பொறந்த அன்னைக்கு, பஸ்ஸு லேட்டெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கணும்னு சொன்னேன். கூட்டம். யாருக்கும் கேக்கல. இன்னொரு தடவ சொன்னேன், அதுவும் கேக்கல. அடுத்த ஊரு வரைக்கும் போயி, எதிர் பஸ்ஸு புடிச்சு வந்தேன்."

அவர் கையிலிருந்த சங்கைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு எடத்துல எறங்கணும்னு சொல்லக்கூட வாய் வராது. இந்தப் பயலுக்கு அது எதுக்கு?" சங்கை எடுத்துக்கொண்டு நேராகக் கதவோரம் வந்தார். "நீங்க வைங்க."

அன்புக்கரசி ஒரு அடி பின்னால் போனாள். "ஐயோ, நான் மாட்டேங்க. ஒரு புள்ளைக்கு வச்சு நான் பட்டது போதும். நீங்கதான் தாய்மாமன்." பல நாள் பேசாத குரல், பாதி உள்ளேயே நின்றது.

"இல்லைங்க, நீங்க."

"வேணாங்க, நீங்களே."

"ரெண்டு பேரும் இப்புடியே நின்னா புள்ள பள்ளிக்கூடம் போயிடுவான்" என்றது பக்கத்துக் கட்டில்.

இந்த மரியாதைக்கு நடுவில் காவியா எப்போது இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கட்டிலில் ஏறிவிட்டாள். துணிக்குள் சுருண்டு கிடந்த புதிய உருப்படியைப் பார்த்தாள். சிவப்பு. சின்னத் தலை. முடி இல்லை. புதிதாக வந்தால் செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். விரலை மடக்கினாள். கையை ஓங்கினாள்.

"ஏஏஏய்!"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "தட்டாதடி! கைய எடுடி! பச்ச மண்ணுடி அது!" என்று கத்திக்கொண்டே அன்புக்கரசி ஒரே தாவலில் போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். துணிக்குள் இருந்தவன் திடுக்கிட்டு, ஊரைக் கூட்டுவது போல வீறிட்டான்.

காவியா பயப்படவில்லை. பிடிபட்ட கையோடு அத்தையை அண்ணாந்து பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"வேகலையா அத்தை?"

"வேகலடி. அதுக்கு இன்னும் எவ்வளவோ நாளு கெடக்குது. அதுக்குள்ள தட்டிப் பாக்க வந்துட்டா, சூப்பர்வைசரு!" என்றாள் அன்புக்கரசி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் தன் காதில் விழுந்து, நிறுத்திக்கொண்டாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "யாரு அது கத்துனது? இது ஆஸ்பத்திரியா, சந்தையா?"

அன்புக்கரசி தலையைக் குனிந்தாள். காவியா கட்டிலின் மேல் எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க அத்தை!" என்றாள். "ஒடையல!"

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மெதுவாப் பேசுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பானுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூர்ணிமா பேசிவிட்டாள். படுத்துக்கொண்டே பேசினாலும், அந்தக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் கேட்டது.

"அண்ணி, அன்னைக்குப் பந்தியிலயே நான் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல. கடையில எனக்காக என் புள்ள பேசுனா, உங்க குரல்ல பேசுனா. எனக்கு ரெண்டும் அப்புடித்தான் வேணும். வந்து வைங்க."

கார்முகில் சங்கை நீட்டிக்கொண்டே நின்றார். கை கொஞ்சம் வலித்திருக்கும், கீழே இறக்கவில்லை. அன்புக்கரசி குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்து, இன்னொரு தடவையும் தேய்த்தாள். வந்து விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டாள். பையன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நாக்கில் விரல் பட்டதும் நிறுத்தி, யாரது என்பது போலக் கண்ணைச் சுருக்கினான்.

அவள் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வந்தது வார்டு முழுக்கக் கேட்டது.

"டேய் தம்பி! எறங்குற எடம் வந்தா கத்திச் சொல்லணும்டா, தெரியுதா?"

பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், வராந்தா, எல்லாம் சிரித்தது. அதற்கு நடுவே யாரும் இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பும் பெரிதாகக் கேட்டது. பானுமதி திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். காவியா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, குனி" என்றாள். அவர் குனிந்தார். விரலை மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"டிங்" என்றாள்.